ஒரு சத விளையாட்டின் விலைச் சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிக்காகோ நகரிலே, 1931 ஆம் ஆண்டில், டேவிட் கொட்லீப் என்னும் வியாபாரி மேசைமேல் வைத்து ஆடத்தக்க சிறு மரப்பெட்டியொன்றைப் பதினேழரை டொலருக்கு விற்றார். அதன் பெயர் 'பஃபிள் போல்'. 2023 ஆம் ஆண்டில், அதே சிக்காகோவின் புறநகரொன்றில் இயங்கும் ஸ்டேர்ன் கம்பனி, தான் வெளியிட்ட புதிய பின்போல் யந்திரத்தின் மிகவுயர்ந்த வகைக்கு 12,999 டொலர் விலை குறித்தது. இடைப்பட்ட தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் டொலரின் பெறுமதி பெரிதும் வீழ்ந்துவிட்டது மெய்யே. ஆயினும் அவ்வீழ்ச்சியைக் கணக்கிற் சேர்த்துப் பார்த்தாலும், கொட்லீப்பின் பெட்டி இற்றைக் காசில் ஏறக்குறைய 350 டொலரே பெறும். எஞ்சிய வேறுபாட்டிற் பெரும் பங்கு யந்திரம் பெரிதானதாலும் அதனுள்ளே நுட்பங்கள் பெருகியதாலும் வந்தது. ஒரு பங்கு மட்டும் வேறோரிடத்திலிருந்து வந்தது. முன்னாளில் இவ்யந்திரத்தை வாங்கியவன் கடைக்காரன். இந்நாளில் வாங்குபவன் பெரும்பாலும் வீட்டுக்காரன். வாங்குபவன் மாறியபோது விலையின் இயல்பும் மாறியது.

பின்போல் என்பது யாதென அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சற்றே சாய்வாக அமைந்த ஒரு பலகை. அதன்மேல் கண்ணாடி மூடி. வலப்புறத்தில் சுருள்வில் பொருத்திய தள்ளுகோல். காசை இட்டுக் கோலை இழுத்து விட்டால், ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு பலகையின் உச்சிக்குச் சென்று, அங்கிருந்து தடைகளில் மோதி மோதிக் கீழே உருண்டு வரும். மோதுந்தோறும் புள்ளிகள் ஏறும், மணி ஒலிக்கும், விளக்கு எரியும். பலகையின் அடியில் இரண்டு சிறு துடுப்புகள் உள. பெட்டியின் இருபுறத்துப் பொத்தான்களை அழுத்த, அவை துடித்தெழுந்து குண்டை மீண்டும் மேலே அடித்துவிடும். அடிக்கத் தவறினால் குண்டு பள்ளத்தில் வீழும், ஆட்டமும் முடியும். பார்ப்போர்க்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றினும், கையும் கண்ணும் ஒருங்கே பழகியவர்களுக்கே குண்டு வசப்படும்.

இதன் மூலம் பிரான்சு தேசத்து அரச மாளிகை. பதினாறாம் லூயி மன்னனின் தம்பியாகிய ஆர்த்துவாக் கோமகன், அரசி மாரி அந்துவானெத்தோடு பந்தயம் கட்டி, 1777 ஆம் ஆண்டில் பாரிசின் எல்லையிலே அறுபத்து நான்கு நாட்களில் ஒரு சிறு மாளிகையைக் கட்டி முடித்தான். 'பகத்தெல்' என்பது அதன் பெயர். அங்கு நடந்த விருந்திலே ஆடப்பட்ட, ஆணிகள் அறைந்த சாய்பலகை விளையாட்டுக்கும் அப்பெயரே நிலைத்ததென்பர். பிறகு அவ்விளையாட்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வாழ்ந்த மொன்ரேகு ரெட்கிரேவ் என்பவர் 1871 ஆம் ஆண்டில், நீண்ட கோலால் குண்டை இடிக்கும் முறையை விடுத்துச் சுருள்வில் தள்ளுகோலை அமைத்து அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தள்ளுகோல் இன்றுவரை பெருமாற்றமின்றி நிலவி வருகிறது.

கொட்லீப்பின் பெட்டி வெளிவந்த காலம் அமெரிக்காவிற் பெரும் பொருளாதார மந்தம் கவிந்திருந்த காலம். ஆலைகள் மூடப்பட்டிருந்தன, வேலையற்றோர் வீதிகளில் திரிந்தனர். நாடகம் பார்க்கவோ உணவுச்சாலையில் அமரவோ வசதியற்றவனிடத்தும் ஒரு சதம் இருந்தது. அந்த ஒரு சதத்துக்கு ஐந்து முதல் ஏழு குண்டுகள் கிடைத்தன. மருந்துக் கடையிலும், சிகையலங்காரக் கடையிலும், மதுச்சாலையிலும் இப்பெட்டி புகுந்தது. கொட்லீப் ஏறத்தாழ 50,000 பெட்டிகளை விற்றாரெனக் கூறுவர். அவருடைய பெட்டிகளை விநியோகித்து வந்த ரேமண்ட் மொலோனி, தமக்கு வேண்டிய அளவு பெட்டிகள் கிடையாமையால் தாமே 'பாலிஹூ' என்றொரு யந்திரத்தை 1932 இற் செய்து விற்றார். அதன் பெயரின் முற்பகுதியே பின்னர் உலகப் பிரசித்தி பெற்ற பாலி கம்பனிக்குப் பெயராயிற்று.

அக்காலத்து விலை எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது என்பதை ஈண்டு ஊன்றி நோக்கல் வேண்டும். பதினேழரை டொலர் என்பது 1,750 சதம். ஆயிரத்து எழுநூற்றைம்பது முறை ஒருவர் ஒரு சதத்தை இட்டால் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். சனநெருக்கமுள்ள கடையில் அதற்குச் சில கிழமைகள் போதும். ஆகவே அந்த யந்திரம் தச்சனுக்கு உளியும் உழவனுக்கு எருதும் போன்றதே. அது எவ்வளவு உழைத்துத் தரும் என்பதே அதன் விலை. உழைப்பு ஓய்ந்ததும் விலையும் ஓய்ந்தது. புதிய யந்திரமொன்று பக்கத்துக் கடைக்கு வந்து, ஆடுவோர் அங்கே கூடியதும், பழையது விறகாயிற்று. அதனைப் பத்திரமாகச் சேமித்து வைக்கவேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை. தோன்றவேண்டிய காரணமும் இருக்கவில்லை.

1933 இல் ஹரி வில்லியம்ஸ் என்பார் தமது 'கொன்டாக்ட்' யந்திரத்தில் மின்சக்தியைப் புகுத்தினார். பெட்டியை உயர்த்தியும் அசைத்தும் குண்டைத் தம் எண்ணப்படி செலுத்த முயன்ற சூரர்களை அடக்க, அசைத்தால் ஆட்டத்தை நிறுத்திவிடும் பொறியை அமைத்தவரும் அவரே. இதற்கிடையில் சூதாட்டம் இந்த விளையாட்டோடு ஒட்டிக்கொண்டது. அதிக புள்ளி பெற்றோர்க்குக் கடைக்காரர் பணமோ பரிசோ கொடுக்கலாயினர். துடுப்புகள் இல்லாத அக்காலத்தில் குண்டின் போக்கு பெரும்பாலும் அதிட்டத்தையே சார்ந்திருந்தமையால், சூதாட்டமென்ற குற்றச்சாட்டை முற்றாக மறுப்பதும் எளிதன்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகர் 1939 இல் தடை விதித்தது. 1942 சனவரியில் நியூயோர்க் நகர மேயர் லாகார்டியா, பள்ளிப் பிள்ளைகளின் பையிலுள்ள காசை இவ்யந்திரங்கள் களவாடுகின்றன என்று கூறித் தடை விதித்ததோடு அமையாது, பத்திரிகைப் படப்பிடிப்பாளர் முன்னிலையிலே சம்மட்டியால் அவற்றை உடைத்தார். அதிகாரிகள் கைப்பற்றிய பெட்டிகள் நொறுக்கப்பட்டன. யுத்தகாலமாதலின், உலோகத்துக்கு வேறு தேவையும் இருந்தது. இன்று 1930 களின் யந்திரங்கள் அருமையாகக் காணப்படுவதற்கு அச்சம்மட்டியும் ஒரு காரணம்.

யுத்தம் முடிந்த பின், 1947 இல், கொட்லீப் கம்பனியின் ஹரி மாப்ஸ் 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் யந்திரத்தில் ஆறு துடுப்புகளைப் பொருத்தினார். மறுவருடம் ஜென்கோ கம்பனியின் ஸ்ரீவ் கோர்டெக், ஆறு வேண்டியதில்லை, பலகையின் அடியில் இரண்டே போதும் என்று காட்டினார். அவரது அமைப்பே இன்றும் வழங்குகிறது. அதிட்ட விளையாட்டு அன்று முதல் திறமை விளையாட்டாயிற்று. 1950 களிலே வேய்ன் நெயன்ஸ் அமைப்பும் ரோய் பாக்கர் ஓவியமும் கூடிய கொட்லீப் யந்திரங்கள் பலவற்றை, மரவேலையின் அழகுக்கும் கண்ணாடியின்மேல் தீட்டிய சித்திரங்களுக்கும் ஈடில்லாதவை என்று அறிந்தோர் போற்றுவர். ஆனால் அவற்றின் கதியும் முன்னையவற்றின் கதியே. யந்திர முதலாளி ஒருவர் பல கடைகளில் யந்திரங்களை வைத்து, விழுந்த காசைக் கடைக்காரரோடு பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்வதே அத்தொழிலின் வழமை. பழைய யந்திரத்தைக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது, விநியோகத்தர் பழையதை உடைத்துவிடுவதும் உண்டு. மலிவான பழைய யந்திரம் சந்தையில் நின்றால் புதியதன் விற்பனைக்கு இடையூறாகும் என்பதே அவர் கணக்கு. வேறு பல கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றன. பிரான்சு, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளின் கோப்பிக் கடைகளில் உழைத்த அவற்றுட் சில, பல பத்தாண்டுகள் கழித்துச் சேகரிப்பாளரின் பணத்தைப் பெற்று அமெரிக்காவுக்கு மீண்டன.

வீட்டுக்காரன் இக்கதையிற் பிரவேசிப்பது 1970 களில். 1974 இல் கலிபோர்னியாவின் உயர் நீதிமன்றம் லொஸ் ஏஞ்சல்ஸ் தடையைத் தள்ளுபடி செய்தது. 1976 ஏப்ரலில் நியூயோர்க் நகரசபைக் குழுவின் முன்னே ரோஜர் ஷார்ப் என்னும் இளம் பத்திரிகையாளர் யந்திரத்தை ஆடிக் காட்டினார். மாற்று யந்திரத்திலே ஆடுமாறு சபை உறுப்பினர் ஒருவர் வற்புறுத்த, அவர் அவ்வாறே செய்து, இறுதியில் குண்டு நடுப்பாதை வழியாகவே இறங்கும் என முன்கூட்டியே உரைத்துக் கோலை விட்டார். குண்டும் அவ்வழியே இறங்கியது. அதிற் பாதி அதிட்டம் என்று பின்னாளில் அவரே சொன்னாரென்பது வேறு கதை. முப்பத்து நான்கு ஆண்டுத் தடை நீங்கிற்று. மறு ஆண்டு அவர் எழுதி வெளியிட்ட நூல், உடைத்தெறியத்தக்க பெட்டிகளெனப் பொதுமக்கள் எண்ணியிருந்தவற்றைக் கலைப்பொருள்களாகப் படம்பிடித்துக் காட்டியது.

அக்காலத்தில் பாலி கம்பனி ஒரு காரியஞ் செய்தது. 1972 இல் வெளிவந்து புகழ்பெற்ற 'பயர்போல்' யந்திரத்தின் எளிய வடிவமொன்றை 1976 இல் வீடுகளுக்கென்றே செய்து பலசரக்குப் பேரங்காடிகளில் விற்றது. காசு போடும் துவாரம் கிடையாது, பாரமும் குறைவு, விலையும் குறைவு. இன்று சேகரிப்போர் அதனைச் சற்றும் பொருட்படுத்துவதில்லை. மதுச்சாலையில் சிகரெட்டுப் புகையும் பியர்க் கறையும் பட்டுக் கிடந்த மூல யந்திரத்துக்கோ நல்ல விலை. வீட்டுக்கென்றே பிறந்ததை வீட்டுக்காரன் ஒதுக்குகிறான்; வீதியிலே உழைத்ததையே நாடுகிறான். அவன் வாங்க விரும்பியது தன் வாலிபத்தின் கடைத்தெருவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1978 இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980 இல் 'பக்மான்' என்று திரையில் ஆடும் விளையாட்டுகள் வந்து குவிந்தன. காசு அவற்றின் வாய்க்குள் வீழ்ந்தது. பின்போல் யந்திரம் செய்த கம்பனிகள் சுருங்கின, சில மறைந்தன. கடைகளிலிருந்து அகற்றப்பட்ட யந்திரங்கள் சொற்ப விலைக்குக் கிடைத்தன. சேகரிக்கும் வழக்கம் ஒழுங்கான உருப்பெற்றது இந்தச் சரிவுக் காலத்திலேதான். 1985 முதல் சிக்காகோவில் ஆண்டுதோறும் அபிமானிகளின் கண்காட்சி கூடலாயிற்று. அன்று வந்தோரிற் பலர் 1940 களிலும் 1950 களிலும் சிறுவராயிருந்தவர்கள். அவர்கள் தேடியவை பாக்கரின் சித்திரக் கண்ணாடியும் மரச்சட்டமும் கொண்ட கொட்லீப் யந்திரங்கள். அவற்றின் விலை உயர்ந்தது. விலை வழிகாட்டி நூல்கள் அச்சாயின. உள்ளூர்ப் பத்திரிகையின் வரி விளம்பரம் பார்த்து, வண்டி கட்டிக்கொண்டு போய், நிலவறையில் தூசி படிந்து கிடந்த பெட்டியை ஐம்பதுக்கும் நூறுக்கும் பேரம் பேசி வாங்கிவந்த கதைகளை அத்தலைமுறையினர் இன்றும் பெருமையோடு சொல்வர்.

1990 களின் முற்பகுதியில் யந்திரம் மீண்டும் தழைத்தது. சினிமாப்படமொன்றைத் தழுவி, பற் லோலரும் லரி டிமாரும் அமைத்து 1992 இல் வெளிவந்த 'அடம்ஸ் குடும்பம்' 20,270 விற்றது. பேசும் குரல், பலகைக்கடியில் ஒளிந்திருந்து குண்டைச் சுழற்றிவிடும் காந்தம், பெட்டியிலிருந்து நீண்டு குண்டைப் பற்றியெடுக்கும் கை என்று அதில் வியப்புகள் பல. ஆயினும் அத்தளிர்ப்பு நீடிக்கவில்லை. கொட்லீப்பின் வழிவந்த கம்பனி 1996 இல் மூடிற்று. 1999 ஒக்டோபரில், சூதாட்டச் சாலை யந்திரங்களில் அதிக இலாபங்கண்ட வில்லியம்ஸ் கம்பனி, தன் பின்போல் பகுதியை மூடிவிட்டது. ஸ்டேர்ன் ஒன்றே எஞ்சியது. அடுத்த சில ஆண்டுகளில், யந்திர முதலாளிகள் 1990 களின் பெட்டிகளைக் கழித்துவிட்டபோது, அடம்ஸ் குடும்பத்தை இரண்டாயிரம் மூவாயிரம் டொலருக்கு வாங்க முடிந்தது.

இனி வந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம் கணினிவழி ஏலம். 1990 களின் பிற்பகுதி தொடங்கி, ஓர் ஊரில் விற்கும் பெட்டியின் விலையை நாடு முழுவதும் அறியலாயிற்று. முன்னர் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விலை. விற்பவனின் அறியாமையே வாங்குபவனின் இலாபம். அந்த அறியாமை விரைவில் மறைந்தது. ஆயினும் இந்தப் பொருளின் விலை முற்றிலும் சமப்படவில்லை. ஒரு யந்திரம் 120 கிலோவுக்கும் மேற்பட்ட பாரமுடையது. அதனை அனுப்பச் செல்லும் கூலியே சில நூறு டொலர். அதனால் யந்திரங்கள் மலிந்த சிக்காகோப் பகுதியில் ஒரு விலையும், அரிதாகக் கிடைக்கும் மாநிலங்களில் வேறு விலையுமாக நிலவி வந்தது.

நிலையைப் பொறுத்தும் விலை பெரிதும் வேறுபடும். ஆடுபலகையின் வர்ணம் குண்டு உருண்டு தேய்ந்திருக்கும். பின்னாலுள்ள சித்திரக் கண்ணாடியின் வர்ணம் விளக்குகளின் சூட்டாலும் ஈரத்தாலும் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். 1970 களின் இறுதியிலிருந்து வந்த மின்னணுப் பலகைகளில் பொருத்திய மின்கலம் கசிந்து செப்புத் தடங்களை அரித்திருக்கும். சில டொலர் பெறுமதியான மின்கலத்தை உரிய காலத்தில் மாற்றாமையால் நூற்றுக்கணக்கான டொலர் நட்டமடைந்தோர் பலர். இவை யாவும் இன்றி, ஒருபோதும் கடையில் வையாது வீட்டிலேயே ஆடப்பட்டதென்று உறுதி கூறத்தக்க யந்திரத்துக்குத் தனிமதிப்பு. பெட்டி பிரிக்காமலே பல்லாண்டு வைத்திருந்து விற்போரும் உளர். ஆடுவதற்கென்று பிறந்த பொருளை ஆடாமையினால் விலை கூட்டும் இந்த விநோதத்தை, பழைய யந்திர முதலாளி ஒருவர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

அருமையே விலையை ஏற்றும் என்பது பொதுவான எண்ணம். பின்போல் சரித்திரம் இதற்கு இடங்கொடுப்பதில்லை. பாலி கம்பனி 1977 இல் வெளியிட்ட 'எயிற் போல்' 20,230 விற்றது. அதன் சாதனையை முறியடித்த அடம்ஸ் குடும்பம் விற்றது, முன்னே கூறியவாறு, 20,270. இரண்டுக்கும் நாற்பதே வித்தியாசம். பிந்தியது பதினைந்து ஆண்டு இளையது; ஆகையால் இன்று எஞ்சியிருப்பவையும் பெரும்பாலும் அதிலேயே அதிகம். ஆயினும் 2020 க்குப் பிந்திய ஆண்டுகளில் நன்னிலையிலுள்ள அடம்ஸ் குடும்பம் பத்தாயிரம் டொலரை அணுகியும் சிலவேளை தாண்டியும் விலைபோக, எயிற் போல் இரண்டு மூவாயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. புதியதன் ஆட்டம் பன்மடங்கு வளமானது, அதில் ஐயமில்லை. ஆயினும் அது மட்டுமே காரணமாகாது. 1992 இல் பல்கலைக்கழக மாணவனாக, உணவு மண்டபத்தின் மூலையிலே காசு கரைத்தவன், முப்பதாண்டு கழிந்து ஐம்பது வயதை எட்டியிருக்கிறான். வீட்டுக் கடன் தீர்ந்திருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியதால் ஓர் அறை காலியாயிருக்கிறது.

அவ்வாறாயின், 1950 களின் யந்திரங்களை நேசித்தவர்கள் என்னவாயினர்? அவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டனர். பலர் மறைந்தனர். அவர்களது சேகரங்கள் ஒருங்கே சந்தைக்கு வர, வாங்குவோர் குறைந்துவிட்டனர். நூற்றுக்கணக்கிலும் சில ஆயிரங்களிலும் மட்டுமே செய்யப்பட்ட மரச்சட்ட யந்திரங்கள், இருபதினாயிரத்துக்கு மேல் செய்யப்பட்ட அடம்ஸ் குடும்பத்தின் விலையிற் சிறு பகுதிக்குக் கிடைக்கின்றன. துடுப்பின் முன்னோடி என்ற கீர்த்தியால் ஹம்ப்டி டம்ப்டி போன்ற சில மட்டும் தப்பின. கொட்லீப்பின் பஃபிள் போல் பெட்டியை இன்றும் சில நூறு டொலருக்கு வாங்கலாம். பணத்தின் வீழ்ச்சியைக் கழித்துப் பார்த்தால், தொண்ணூறாண்டு சென்றும் அது தொடங்கிய இடத்தை விட்டு அதிக தூரம் போகவில்லை.

உற்பத்தியாளர் இதைக் கவனியாதிருக்கவில்லை. 1997 இல் 4,016 மட்டுமே செய்யப்பட்ட 'மிடீவல் மட்னெஸ்' யந்திரம், 2012 அளவில் நன்னிலையிற் பத்தாயிரம் டொலருக்கும் மேலே விலைபோயிற்று. மறு ஆண்டில் அதனை அவ்வாறே மீளச் செய்து விற்கப்போவதாகச் சிக்காகோ கேமிங் என்னும் கம்பனி அறிவித்து, 2015 இல் விநியோகத்தைத் தொடங்கியது. மூலத்தை வைத்திருந்தோர் கலங்கினர். சேதமுற்ற மூல யந்திரங்களின் விலை தளர்ந்தது. சிறந்தவை தம் மதிப்பை இழக்கவில்லை. ஆடவேண்டியவன் மீள்பதிப்பை வாங்கினான். வைத்திருக்க விரும்பியவன் மூலத்தைத் தேடினான்.

2008 இன் பொருளாதார நெருக்கடியில் முறிந்துவிடும் நிலைக்கு வந்த ஸ்டேர்ன் கம்பனியும் வேறோர் உபாயத்தாற் பிழைத்தது. ஒரே விளையாட்டை மூன்று தரமாகச் செய்தது. எளியது கடைகளுக்கும் சிக்கனக்காரர்க்கும், நடுத்தரம் வீடுகளுக்கு, உயர்ந்தது இலக்கமிட்டு அளவோடு செய்யப்படுவது. 2011 இல் வெளிவந்த 'ட்ரொன்' யந்திரத்தின் அளவிட்ட பதிப்பு 400. 2021 இன் 'கொட்சில்லா' 1,000. ஒரு காலத்தில் சம்மட்டியும் விறகடுப்பும் தாமாக உண்டாக்கிய அருமையை இப்போது தொழிற்சாலையே திட்டமிட்டு உண்டாக்கிற்று. 2023 இல் மூன்று தரங்களுக்கும் குறிக்கப்பட்ட விலை முறையே 6,999, 9,699, 12,999 டொலர். பலகையின் அடிப்படை அமைப்பு மூன்றுக்கும் ஒன்றே. ஆறாயிரம் டொலர் வித்தியாசத்துக்குக் கிடைப்பவை மேலதிகப் பொறிகள் சிலவும், வேறு சித்திரமும், ஓர் இலக்கத் தகடும். அது தகுமா என்பதை வாங்குபவன் தீர்மானிக்கட்டும். புதிதாகத் தோன்றிய வேறு சில கம்பனிகள் முற்பணம் பெற்று யந்திரத்தைக் கொடாமலே மறைந்தமையும் இக்காலத்திலேதான். தன் இளமையின் ஞாபகத்துக்கு ஏங்குபவன் பணத்தை முன்கூட்டியே கொடுக்கத் தயங்குவதில்லை என்பதை நல்லவர் போலவே மற்றையோரும் அறிந்திருந்தனர்.

2020 இல் கொரோனாத் தொற்று பரவி மக்கள் வீடுகளுள் அடங்கியபோது விலை பாய்ந்தது. பிரயாணத்துக்கும் கேளிக்கைக்கும் ஒதுக்கிய பணம் கையில் நின்றது; தொழிற்சாலைகள் சிலகாலம் மூடிக் கிடந்தன; உதிரிப்பாகங்கள் கிடைக்கவில்லை. பழைய யந்திரங்கள், அவற்றுட் பழுதடைந்தவையுங்கூட, முன்கண்டறியாத விலைக்கு மாறின. கலிபோர்னியாவின் பனிங் நகரத்திலிருந்த பின்போல் நூதனசாலை மூடப்பட்டு, 2021 செப்டெம்பரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யந்திரங்கள் ஏலத்துக்கு வந்தன. இத்தனை பெட்டிகள் ஒரே வேளையில் வந்தால் விலை சரியும் என்பதே சந்தை நியதி. அன்று அந்நியதி பொய்த்தது. வாங்குவோர் போட்டியிட்டு ஏற்றினர். பொதுமக்கள் கூடி ஆடிய ஒரு மண்டபம் அவ்வாறு தனித்தனி வீடுகளாகச் சிதறிற்று. 2022 இன் பிற்பகுதியிலிருந்து வட்டி வீதம் உயர, ஆலைகளும் முழுவேகத்தில் இயங்க, பல யந்திரங்களின் விலை இறங்கலாயிற்று. உச்சத்தில் வாங்கி உடனே இலாபத்துக்கு விற்க எண்ணியோர் கையைச் சுட்டுக்கொண்டனர். ஆடுவதற்கென வாங்கியவர்களுக்கு அந்த இறக்கத்தால் அதிக கவலை இல்லை.

வீட்டுக்குப் போன யந்திரம் திரும்பி வருவது அரிது. கடையில் நின்றபோது ஒருநாளில் நூறுபேர் கைபட்டது, இப்போது ஒரு குடும்பத்துக்கும் அதன் விருந்தினர்க்கும் மட்டும் ஒளிர்கிறது. மறுபுறத்தில், அந்த வீட்டுக்காரன் பணமும் பொறுமையும் செலவிட்டிராவிடின் அவற்றுட் பல என்றோ குப்பையாகியிருக்கும். கம்பியும் இறப்பர் வளையமும் சித்திரக் கண்ணாடியும் மீளச் செய்து விற்கும் சிறு தொழில்கள் அவனை நம்பியே வாழ்கின்றன. ஆகையால் அவனைக் குறைகூறுதல் முறையன்று. இரண்டையும் ஒருங்கே செய்தவர் ஒருவர் உளர். மிச்சிகன் மாநிலத்தில் விளையாட்டுக் கூடங்கள் நடத்திப் பொருளீட்டிய ரிம் ஆர்னல்ட், தாம் சேர்த்த நூற்றுக்கணக்கான யந்திரங்களைப் பூட்டி வையாமல், 2006 இல் லாஸ் வேகஸ் நகரிலே ஒரு மண்டபத்தில் நிரப்பி, காசிட்டு எவரும் ஆடலாமென்று திறந்துவிட்டார். வரும்படியில் மிஞ்சுவது தருமத்துக்குப் போகிறது. 2021 இல் அம்மண்டபம் அந்நகரின் பெருவீதிக்கு இடம்பெயர்ந்தது. அங்கே சுவர்களில் அலங்காரம் அதிகமில்லை. பழுதுபார்க்கத் திறந்து வைத்த பெட்டிகள் ஆங்காங்கே நிற்கும். புதிய யந்திரங்களுக்குக் கட்டணம் சற்றுக் கூட. வெளியே ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபேசப்படும் பழைய யந்திரங்கள் சில, அங்கே இருபத்தைந்து சத நாணயம் ஒன்றுக்கு ஆடக் கிடைத்து வந்தன.